அரிசித் தட்டத்தில் ஆரணியின் கைகள்

மச்சாள்,

இன்று காலை சோற்றுக்கு எடுக்க அரிசி வாளியின் மூடியைத் திறந்தேன். அரிசித் தூசின் அந்த மணம் குசினியில் எழும்பியது. கதவடியில் தன் கதிரையில் இருந்த ஆரணி இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். முகத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். நான் அரிசியை எடுக்காமலே மூடியைப் போட்டேன். இன்றைக்கு எங்கள் வீட்டில் சோறில்லை, கடைப் பாண்தான்.

துறைமுக வேலையால் வந்த உங்கள் தம்பி ஏன் என்று கேட்கவில்லை. அவரோடு இதைக் கதைக்க எனக்கு ஏலாது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மிஸ் சொன்ன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. நடையில்லை, பேச்சில்லை, பிறந்ததிலிருந்தே விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடந்தன. "விதம் விதமான சாமானைத் தொட விடுங்கோ அம்மா. ஈரம், காய்ஞ்சது, சொரசொரப்பு, வழுவழுப்பு. எல்லாம் விளையாட்டா இருக்கட்டும்" என்றா. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் கேட்டோம். எனக்கு அது தலையில் விழுந்த இன்னொரு வேலை. உங்களுக்கோ லைசென்ஸ் கிடைத்த மாதிரி.

எங்களோடு வந்து இருந்த நீங்கள், குச்சவெளியில் பூட்டிக் கிடந்த உங்கள் வீட்டைப் பார்க்கப் போய் பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் பைக்குள் ஏதாவது இருக்கும். ஐஸ்கிறீம் பெட்டி நிறைய ஈரமணல், தென்னந்தும்பு, ஒருமுறை நாறிப்போன கடற்பாசி. மீன் சந்தையில் ஐஸ் கட்டி கேட்டு வாங்கி வந்து அவள் உள்ளங்கையில் வைத்தீர்கள். வீடு அதிரக் கத்தினாள். எடுத்ததும் இன்னும் வேண்டும் என்று காலால் உதைத்தாள். கந்தோர் வேலை முடிந்து களைத்து வரும் எனக்கு நிலத்தில் கிடக்கும் மணல்தான் முதலில் கண்ணில் படும். "இதென்ன வீடோ, உப்புவெளிக் கடற்கரையோ?" என்று ஒருநாள் சீறினேன். "ரெண்டும்தான். நீர் செருப்பைக் கழட்டிப்போட்டு வாரும்" என்றீர்கள்.

ஆனால் அவளுடைய ஆட்டம் அரிசிதான். தட்டத்தில் அரிசியைப் பரப்பி, அவள் கைகளை உள்ளே புதைத்து, "கை எங்க? ஐயோ, ஆரணிட கையைக் காணேல்லையே" என்று தேடத் தொடங்குவீர்கள். கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்ப்பீர்கள். அவள் உங்கள் முகத்தையே பார்த்தபடி அரிசிக்குள் விரல்களை மெல்ல மெல்ல விரித்து, கையைத் தூக்கிச் சிரிப்பாள். அந்தக் கை வேறெதற்கும் அப்படி விரிந்ததில்லை. சாப்பிடுகிற அரிசியில் விளையாட்டா என்று நான் முணுமுணுத்தேன். அதன் பிறகு விளையாட்டு அரிசியைத் தனிப் போத்தலில் போட்டு வைத்தீர்கள்.

என்னோடு வேலை செய்கிறவள் ஒருத்தி வீட்டுக்கு வந்து, ஆரணியின் முன்னாலேயே, "பாவம், பிள்ளைக்கு ஒண்டும் விளங்காது என்ன?" என்று கேட்டாள். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். அங்கே நின்று உங்கள் குரலைக் கேட்டேன். "விளங்கும். நீங்க இப்ப கதைச்சதும் விளங்கும். அவவுக்கு முன்னால பார்த்துக் கதையுங்கோ." வந்தவள் தேத்தண்ணி குடிக்காமலே போனாள். எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

பிறகு ஒரு விடியப்புறம் நெஞ்சுக்குள் நோகுது என்று ஓட்டோவில் ஏறிப் போனீர்கள். பெட்டியில் வந்தீர்கள்.

வாய்க்கரிசி போடப் பெண்களைக் கூப்பிட்டார்கள். ஆரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். எங்கள் முறை வந்ததும் அரிசித் தட்டத்தை நீட்டினார்கள். அவள் குனிந்து இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டாள். விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தாள். கை எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தாள், மச்சாள். நீங்கள் கேட்கவில்லை என்றதும் தானே கைகளைத் தூக்கினாள். விரல்கள் அத்தனையும் விரிந்திருந்தன. வீடு முழுக்கக் கேட்கச் சிரித்தாள். அரிசி உங்கள் கன்னத்திலும் மாலையிலும் கொட்டியது.

ஒப்பாரி நின்றுவிட்டது. "பிள்ளையை அங்கால கொண்டு போங்கோ" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவளுடைய மணிக்கட்டுகள் இரண்டையும் சேர்த்து நோகப் பிடித்துக்கொண்டு, நின்ற சனத்தைப் பார்த்துச் சொன்னேன்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவவுக்கு ஒண்டும் விளங்காது."

உங்கள் முன்னால் வைத்துச் சொன்னேன். நீங்கள் எழும்பி என்னை ஏச ஏலாத நேரத்தில் சொன்னேன்.

அன்றைக்கு மூடிய கைகள் இன்னும் திறக்கவில்லை. மிஸ் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்துகொண்டிருந்த பிள்ளை. ஏதும் பயந்தவவோ?" என்று கேட்டா. செத்தவீட்டுக்குள் வைத்திருந்தோம் என்றேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "அக்கா இல்லாத ஏக்கம்" என்கிறார் உங்கள் தம்பி. அப்படியே நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் தூக்கினால் அவள் கையை ஒளிப்பதில்லை. நான் கிட்டப் போனால்தான் ஒளிக்கிறாள். சனத்துக்கு முன்னால் அவளை நினைத்து வெட்கப்பட்டேன். இப்போது என்னை நினைக்க வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் வழக்கத்துக்கு அரிசி போட்டோம், அவள்தான் உங்களுக்காகப் போட்டாள்.

இன்று பாணைப் பிய்த்து வாயில் தீத்திவிட்டு அவள் முன்னால் நிலத்தில் இருந்தேன். செத்தவீட்டில் ஊர்ச் சனத்திடம் எல்லாம் மன்னிப்புக் கேட்ட நான் இவளிடம் கேட்டிருக்கவில்லை.

"ஆரணி, அம்மா அண்டைக்குச் சொன்னது பொய். உமக்கு எல்லாம் விளங்கும். அம்மாவுக்குச் சனத்துக்கு முன்னால வெக்கமாப் போச்சு, அதான் அப்பிடிச் சொன்னனான். கையை நோகப் பிடிச்சதும் பிழை."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகும் கனநேரம் பார்த்தாள். பிறகு உதடு கோணியது. சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். கை திறக்கவில்லை.

நீங்கள் சொன்னதுதான் சரி, மச்சாள். அவளுக்கு விளங்குகிறது. அன்றைக்கு நான் சொன்னதும் ஒரு சொல் விடாமல் விளங்கியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் நாளைக் காலையும் நான் அவள் முன்னால் போய் நிலத்தில் இருக்க வேண்டும்.