என் ஃபின் ஒன்று, அவருடையது இரண்டு

அக்டோபர் 5, ஞாயிறு

அக்டோபர் என்று பேர்தான். கராஜில் வேர்த்துக் கொட்டுகிறது. எங்கள் ஊர் சுகர் லேண்டுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது.

முதல் ஃபின் (ராக்கெட்டின் வால் இறக்கை) ஒட்டியாயிற்று. எபாக்ஸிப் பசை கலந்தது நான், தேய்த்தது நான், கால் மணி நேரம் அசையாமல் பிடித்து நின்றது நான். மூட்டு உப்புமா மாதிரி கட்டி கட்டியாக. பரவாயில்லை. ராக்கெட் என்னைவிட ஒன்றரை அடி உயரம்.

பாக்கி: ஃபின் 2 (திங்கள்), ஃபின் 3 (செவ்.), பெயின்ட், பாராசூட் மடிக்க. சனிக்கிழமை பறக்க வேண்டும். அதற்குப் பிறகு, பறக்கவிட வயலைத் தருகிற விவசாயி நிலத்தை உழுதுவிடுவார். அப்புறம் பிப்ரவரிதான்.

பறந்து, உடையாமல் திரும்பினால் ராக்கெட் கிளப்பின் லெவல் ஒன் சர்டிஃபிகேட். ஒரு விதி மட்டும் கறார்: பறக்கவிடுகிறவர் கையாலேயே முழுக்கக் கட்டியிருக்க வேண்டும்.

பைப்லைன் கம்பெனியில் இருபது வருஷமாக யாரோ வைத்த வெல்டிங்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். நானாக எதையும் எதோடும் சேர்த்ததில்லை. "ஏன்டி, போயும் போயும் ராக்கெட்டா?" என்கிறாள் என் ஃப்ரெண்ட் வித்யா. தெரிந்தால் சொல்ல மாட்டேனா.

அக். 6, திங்கள்

ஆபீஸில் ஆடிட். ஃப்ரீவேயில் விபத்து. வீடு வர ஏழேகால். பையைக்கூட வைக்காமல் கராஜ்.

மூன்று ஃபினும் ஒட்டியிருக்கிறது.

பின்னாலேயே முரளி, வாயெல்லாம் பல். "சர்ப்ரைஸ்! டயர்டா வருவேன்னு நானே முடிச்சிட்டேன். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. யூட்யூப்ல ஆறு வீடியோ பார்த்தேன், தெரியுமா?"

அவர் மூட்டு இரண்டும் வழவழ.

"யார் உங்களைத் தொடச் சொன்னா?" கத்திவிட்டேன். அவர் முகம் செத்துவிட்டது. மார்ச்சில் வேலை போனதிலிருந்து என் கணவருக்கு அந்த முகம்தான். இன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதையும் கெடுத்தேன்.

மேஜையில் ரசம், உருளைக்கிழங்கு ரோஸ்ட். எனக்குப் பிடிக்கும் என்று. ருசியாக வேறு இருந்து தொலைத்தது.

அக். 7, செவ்வாய்

மழை. விதியை மறுபடி படித்தேன். மறுபடியும். எழுத்து மாறவில்லை.

ஃபினைப் பிரிக்க முடியாது. குழாய்க்குள் வரை போய் ஒட்டியிருக்கிறது. அறுத்தால் குழாயும் போச்சு. புதுசு வர மூன்று வாரம்.

லஞ்சில் காருக்குள் உட்கார்ந்து வித்யாவிடம் அழுதேன். "பல்பு மாத்துங்கன்னா எங்க வீட்ல எலெக்ட்ரீஷியனுக்கு போன் போடறார். நீ குடுத்து வச்சவடி. வாயை மூடிட்டு ராக்கெட்ட விடு."

கொடுத்து வைத்தவளா? இருக்கலாம். கோபப்படலாமா கூடாதா என்பதே புரியவில்லை.

இந்த வாரம் மு. எனக்காகச் செய்தவை: கார் ஆயில். பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட். என் அம்மாவுக்குப் பிறந்தநாள் போன். ஃபின். முதல் மூன்றுக்கும் தேங்க்ஸ் சொன்னேன். நாலாவதுக்கு மட்டும் ஏன் இப்படி வயிறு எரிகிறது?

அக். 9, வியாழன்

வெயில். ஆரஞ்சு பெயின்ட். காற்றில் இருந்த ஈரத்தில் வெளுத்துப்போய், தேய்த்து மறுபடி அடித்தேன்.

மு. கராஜ் பக்கமே வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும்: "காபி போடட்டுமா? அதையாவது தொடலாமா?" சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

விதியைச் சொன்னேன். நிஜமாகவே தெரியாதாம். "ரெண்டு ஃபின்தானே? யாருக்குத் தெரியப்போவுது? நான் வாயே திறக்க மாட்டேன்."

பொய் சொல்லப் போகிறேனா? நேற்று: ஆமாம். இன்று காலை: இல்லை. இப்போது: தெரியாது.

அக். 11, சனி

இரண்டரை மணி நேர டிரைவ். அறுத்து முடித்த சோள வயல். காற்று கம்மி. தொப்பி மறந்தேன்.

சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஜெரி. எழுபது வயது இருக்கும். ஃபினை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார், நான் வெல்டிங்கைப் பார்க்கிற அதே பார்வை. முழுக்க நீயே கட்டியதா என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் மு. இங்கிலீஷில்: எல்லாம் அவள்தான், நான் காபி போட்டதோடு சரி. வாயே திறக்க மாட்டேன் என்ற மனுஷன்!

இரண்டு ஃபின் இவர் ஒட்டியது என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? முடிவு பண்ணிச் சொல்லவில்லை. வந்துவிட்டது.

ஜெரி தலையாட்டினார். சர்டிஃபிகேட் கிடையாது. இவ்வளவு தூரம் வந்ததற்கு வேண்டுமானால், ஏற்கெனவே சர்டிஃபிகேட் உள்ள தன் பெயரில் பறக்கவிடலாமாம். சரி என்றேன். என் ராக்கெட், மு. ஃபின், ஜெரி பெயர். யாருடையது இது?

மு. காதருகில்: "எல்லார் முன்னாடியும் விட்டுக் குடுத்துட்டியே."

"பொய் சொன்னது நீங்க."

"உனக்காகத்தானே சொன்னேன்."

ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் நடந்தேன்.

பறந்தது. சத்தம் நெஞ்சில் வந்து அடித்தது. நேர்கோடு. உச்சியில் பாராசூட் திறந்ததும் மு. கோபத்தை மறந்து என் கையை நசுக்கினார். வயலின் அந்தக் கோடியில் இறங்கியது. ஐம்பத்திரண்டு வயதில் தொப்பை குலுங்க முதலில் ஓடியவர் அவர்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ராக்கெட்டை மார்போடு அணைத்தபடி நின்றார். ஒரு உள்ளங்கை அடிப்பக்கத்தை அழுத்திப் பொத்தியிருந்தது.

"சூப்பர் லேண்டிங். ஒண்ணும் ஆகலை."

விரலிடுக்கில் விரிசல் தெரிந்தது. அவருடைய இரண்டும் கல்லு மாதிரி. விட்டுப்போயிருந்தது என்னுடையது.

"கையை எடுங்க."

"கீழ கல்லு இருந்துது. அதுல பட்டு…"

"அது நான் ஒட்டினது. எனக்குத் தெரியும். எடுங்க."

எடுக்கவில்லை. வயல் முழுக்க அப்படியே பொத்திக்கொண்டு நடந்தார். ஜெரி எதிரே வந்ததும் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.