பாதி மிதித்த கிளச்

என் அன்பு மச்சான்,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நீ அடங்கியிருக்கும் மையவாடிச் சுவரைக் கடக்கும்போது சொல்லுகிற ஸலாத்தை இங்கும் முதலில் சொல்லிக்கொள்கிறேன். உன் பதில் எனக்குக் கேட்காது. நீ உயிரோடு இருந்தபோதும் நாம் ஸலாத்துக்கு அப்பால் அதிகம் கதைத்தவர்கள் இல்லையே.

ஒரே வகுப்பில் படித்தோம். நான் பல்கலைக்கழகம் போய்ப் பௌதிகவியல் ஆசிரியனானேன். நீ சாதாரண தரப் பரீட்சையோடு நின்று உன் வாப்பாவின் வயலைப் பார்த்தாய். பிறகு என் தங்கையைக் கல்யாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி, அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த எங்கள் வீட்டுக்கே குடிவந்தாய். நான் பிறந்த வீட்டை விட்டு மனைவி வீட்டுக்குப் போனேன். அது எல்லா ஆண்களுக்கும் நடப்பதுதான். ஆனால் நான் படித்த அறையின் சுவரை உடைத்து உன் காருக்குக் கொட்டில் போட்டாயே, அது எல்லாருக்கும் நடப்பதில்லை.

அதுவும் என்ன கார்? இரண்டு பேர் மட்டுமே இருக்கக்கூடிய, நிலத்தோடு பதிந்த, ஐந்து கியர் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். பிள்ளைகளை எங்கே ஏற்றுவாய் என்று உம்மா கேட்டபோது நீ சிரித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையை ஏற்றிக்கொண்டு, அடிப்பக்கம் கல்லில் உரச உரச, இறக்காமத்து வயலுக்கு அதில்தான் போவாய். வயல் சொந்தக்காரரைப் போடியார் என்கிற சந்தையில் உன்னை ‘ரேஸ் போடியார்’ என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான். உனக்குத் தெரியுமா? தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தாயா?

ஒரேயொரு தடவை, ஒரு கல்யாண வீட்டு வாசலில், காரின் திறப்பை என்னிடம் தந்து ஓட்டச் சொன்னாய். கியர் கறகறவென்று கத்தியது. “பௌதிகம் படிச்ச கைக்குக் கியர் பிடிபடல்ல” என்றாய். பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் மறந்திருப்பாய், அவர்களும் மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை.

பிறகு சீனி வருத்தம் உன்னைப் பிடித்தது. இடது கால் மரத்துப்போக ஆரம்பித்த காலத்தில், கடற்காற்று தகரத்தைத் தின்கிறது என்று சொல்லி, காரை வயலோடு இருக்கும் நெல்லுக் களஞ்சியத்தில் கொண்டுபோய் நிறுத்தினாய். யானை வருகிற இடத்தில் எவனாவது கார் விடுவானா என்று ஊர் கேட்டது. நீயும் தங்கையும் திரீவீலரில் அங்கே போய் வந்தீர்கள். அவள் உனக்குச் சமைத்துப்போடப் போகிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

நீ மௌத்தானாய். நாலு மாதமும் பத்து நாளும் தங்கை வீட்டை விட்டு வெளியே வராமல், கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் இருந்தாள். அந்த நாட்களிலேயே உன் மூத்த சகோதரர், உன் காக்காவும் நானும் காரை விற்க முடிவெடுத்துவிட்டோம். கண்டியில் இருந்து ஒருவர் வாங்க வருவதாக இருந்தார். தங்கையிடம் கேட்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இத்தா முடிந்த கிழமை காரைக் கொண்டுவர நான்தான் போனேன்.

முதலாம் கியர் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. நடுவில் வைத்துப் பொறுத்து, இரண்டு கையாலும் தள்ளினால் மனமில்லாமல் உள்ளே போனது. மூன்றாவதும் அப்படித்தான். கியர் பெட்டிக்குள் பித்தளை வளையம் ஒன்று இரண்டு பற்சில்லுகளை உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். அதைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கையில் நடக்கவில்லை. ஆசனமும் பின்னுக்குப் போகவில்லை. துருப்பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டே சம்மாந்துறைக் கடைத்தெரு வரை வந்து, பஸ்ஸுக்கு முன்னால் நின்றுபோனேன். நான் ஓட்டத் தெரியாதவன் என்று மையவாடியில் இருந்தும் எனக்குச் சொல்கிறாய் என்றே நினைத்தேன்.

பக்கத்துக் கராஜ்காரர் என்னை ஒதுக்கிவிட்டு ஏறி இருந்தார். குட்டையான மனிதர். அந்தத் தெருவின் முனைவரை போய்த் திரும்பி வந்தார். ஒரு சத்தம் இல்லை.

“கியர் பெட்டில ஒரு பிழையும் இல்ல சேர்,” என்றார். “நீங்க கிளச்ச அரைவாசிதான் மிதிச்சிரிக்கீங்க. கால் மடங்கி நிக்கிது, எப்படி முழுசா போகும்? ஸீட்ட முன்னுக்குத் தள்ளி, புதுசா ஓட்டை போட்டு, போல்ட் அடிச்சிரிக்கி. கட்டையான ஆளுக்குச் செஞ்ச வேல இது.”

கார் என் மச்சானுடையது என்றேன். “உங்கட மச்சான் கட்டையான ஆளா சேர்?” என்று கேட்டார்.

நீ ஆறடி. ஓட்டை துளைத்த இடத்தில் இரும்பு இன்னும் பளபளத்தது.

இப்போது எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இந்தக் கடிதம் வீண். இறக்காமத்தில் நீ ஒரு பெண்ணை வைத்திருந்தாய் என்று நினைத்தேன். நினைத்ததும் மனதுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இருபது வருடமாக உன்மீது வைத்திருந்த கோபத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது போல. காரை முதலாம் கியரிலேயே உருட்டி வந்து கொட்டிலில் விட்டு, நேரே குசினிக்குப் போனேன். தங்கை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இந்தக் காரை யார் ஓட்டினது என்று கேட்டேன். குரலில் இரக்கம்கூட வைத்துக்கொண்டேன் மச்சான், அதுதான் அசிங்கம்.

அவள் கையைத் துடைத்தாள். திறப்பை என் கையில் இருந்து எடுத்தாள். “ஏறுங்க காக்கா,” என்றாள்.

அஸர் தொழுகைக்கு ஆண்கள் பள்ளிக்குப் போயிருந்த நேரம். நானும் போயிருக்கவேண்டிய நேரம். கடற்கரை வீதியில் வலை காயப்போட்டிருந்த இடம்வரை போனாள். இரண்டாம் கியர் விழுந்ததை நான் கேட்கவில்லை, அவளின் கையைப் பார்த்துத்தான் அறிந்தேன். மூன்று. மீண்டும் இரண்டு. இடப்பக்கம் இருந்துகொண்டு, எனக்குத் தெரிந்த தங்கை யார், இவள் யார் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளாகவே சொன்னாள். “பத்தொன்பது வயசில லைசனுக்கு போம் நிரப்பினன். வாப்பாவும் ஓம் எண்டவர். நீங்க வந்து கிழிச்சீங்க.”

அந்த லைசன் படிவத்தைக் கிழித்தேன். நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கு இது எதற்கு என்றும் சொன்னேன். பத்து நிமிட வேலை, அன்று பின்னேரமே மறந்துவிட்டேன். கல்யாண வீட்டில் நீ சொன்ன ஒரு வார்த்தையை இத்தனை வருடம் சுமந்த எனக்கு, அவள் எதைச் சுமந்தாள் என்று நினைக்கத் தோன்றவில்லை. கல்யாணமாகி முதல் மாதமே உனக்குச் சொன்னாளாம். வயல் பாதையில் நீ பழக்கினாயாம். கால் மரத்த பிறகு நீ இடப்பக்கம் இருக்க, களஞ்சியத்தில் இருந்து குளக்கட்டு வரை அவளே உன்னைக் கொண்டுபோய் வந்தாளாம்.

நான் படிவத்தைக் கிழித்ததை நீ ஏன் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை? கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், பிறகு ஒருவேளை ஓய்ந்திருப்பேன். என் மானத்தைக் காத்தாயா, அல்லது என்னோடு கதைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாயா? அந்த போல்ட்டுகளை இறுக்கும்போது, ஒருநாள் இந்த ஆசனத்தில் நான் மடங்கி இருப்பேன் என்று உனக்குத் தெரியுமா? உன்னைக் கோபிக்க ஆரம்பித்து, பாதியில் யாரைக் கோபிக்கிறேன் என்று தெரியாமல் நிற்கிறேன். அறைச் சுவரை உடைத்ததை இன்னும் நான் மன்னிக்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கண்டிக்காரர் வரப்போகிறார் என்று அவளிடம் அன்றுதான் சொன்னேன். அவள் காரை நிறுத்தினாள். “விக்கிறதெண்டா வித்திருங்க,” என்றாள். “ஆனா என்னட்டக் கேட்டுட்டு வித்த எண்டு மட்டும் ஆருக்கும் சொல்லாதீங்க.”

அன்று மஃரிப் தொழுகைக்கு முன் கண்டிக்கு அழைத்து, கியர் மோசமாக இறுகுகிறது, வந்து ஏமாறவேண்டாம் என்று சொன்னேன். பாதி பொய். உன் காக்கா என்னோடு கதைப்பதில்லை. காரை எனக்கென்று இரகசியமாக ஒதுக்கிவிட்டேன் என்று சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும். ஊர் எனக்கும் ஒரு பெயர் வைக்கும்தானே.

இங்கே வேறு செய்திகளும் உண்டு. பெரும்போக நெல் வெள்ளாமை பரவாயில்லை. யானை வேலியை இரண்டு இடத்தில் பிரித்தது. தங்கை அடுத்த கிழமை அம்பாறைக்கு லைசன் எழுத்துப் பரீட்சைக்குப் போகிறாள். படிவத்தை நான் நிரப்பித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அந்த ஆசனம் இருக்கிற இடத்திலேயே இருக்கும். விற்பதா வைத்திருப்பதா என்பதை அவள் சொல்வாள். அதுவரை யார் கேட்டு வந்தாலும் கியர் இறுகும்.

உனக்குக் கடிதம் எழுதுவதாகவும், அதைக் கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பப்போவதாகவும் அவளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். “அவருக்கு எழுதுறது உங்கட பாடு காக்கா. என்னை ஊருக்குச் சொல்றது என்ட பாடு,” என்றாள்.

காரை வைத்தே நம் ஆட்கள் பாதிப்பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனாலும் என் பெயர் கீழே இருந்தால், அவளின் பெயரை நான் சொன்னதாகிவிடும். ‘உன் மச்சான்’ என்று எழுதினேன், வெட்டினேன். ‘அவளின் காக்கா’ என்று எழுதினேன், அதையும் வெட்டினேன். உறையை ஒட்டப்போகிறேன் மச்சான். கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.