அண்ணனுக்குப் பதிலாக மடத்துக்குப் போன மகள் எழுதுவது

இடியப்பம் அவித்த சூடு ஆறாத கையால் என் தலையை வாரிவிட்ட என் அம்மாவுக்கு,

உங்களை மஹியாவ சவக்காலையில் அடக்கி இரண்டு மாதம் ஆகிறது. இந்த வாரப் பேப்பரில் லண்டன் மெட்ரிகுலேஷன் முடிவு வந்திருக்கிறது. அதில் என் பெயரும் இருக்கிறது, முதலாம் பிரிவில். உங்களுக்கு இதில் பெரிய சந்தோஷம் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். உயிரோடு இருந்தபோது உங்களிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

இதே பரீட்சையில் சூசை அண்ணன் தேறிய நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பா கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து கண்ணை மூடிய பிறகு, எங்கள் இருவரையும் கண்டிக்குக் கூட்டிவந்து, கட்டுக்கலையில் ஒற்றை அறையில் வைத்து, இடியப்பம் விற்றுப் படிக்கவைத்தீர்கள். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அண்ணன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "அம்மா, கொழும்பு காலேஜ்ல சேந்துக்கலாம். டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றான். நீங்கள் அவன் நெற்றியில் சிலுவை போட்டீர்கள். முகமெல்லாம் பல்லாக, "கொழும்பு எதுக்கு தம்பி? நீ பாஸ் பண்ணினா ஒன்னைய சாமியாராக் குடுத்துர்றேன்னு அந்தோனியாருக்கு நேந்திருக்கேன்" என்றீர்கள்.

மகனுக்குக் காய்ச்சல் என்றால் எந்தத் தாயும் நேர்ந்துகொள்வாள். நீங்கள் பரீட்சைக்கு நேர்ந்தீர்கள். தேறினால் மாட்டிக்கொண்டான், தேறாவிட்டால் தப்பித்தான்! விடிய விடிய அவன் முட்டிமுட்டிப் படித்தபோது, செவ்வாய்க்கிழமை தவறாமல் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தீர்களே, ஒரு வார்த்தை அவனிடம் கேட்டீர்களா?

அவன் முடியாது என்று கத்தினான். நீங்கள் அந்தோனியார் படத்துக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துவிட்டீர்கள். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. பயந்துபோய் நான்தான் உங்களைக் கோயிலுக்கு, பெரிய சுவாமியிடம் கூட்டிப்போனேன். அந்த வெள்ளைக்காரச் சுவாமி தம்முடைய அரைகுறைத் தமிழில் தெளிவாகத்தான் சொன்னார்: "அம்மா, அடுத்த ஆளை நேர உங்களுக்கு உரிமை இல்லை. இது செல்லாது. ஒரு மெழுகுதிரி வையுங்கள், போதும்." வெளியே வந்து குளக்கரையில் நின்றுகொண்டு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சாமி வெள்ளைக்காரரு. அவருக்கு நம்ம அந்தோனியாரப் பத்தி என்னா தெரியும்?" அந்தோனியார் மட்டும் எந்த ஊர்க்காரர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கன்னத்தில் விழுந்திருக்கும்.

வீடு வந்து சேர்வதற்குள் நீங்களே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டீர்கள். "பிலோமி, தோட்டத்துல கோயிலுக்குச் சேவல் நேந்துவிட்டு, அது செத்துப்போனா, வேற ஒன்னு குடுப்போமில்ல?" என்று கேட்டீர்கள். நான் சேவலைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்து, "ஆமாம்மா, குடுப்பாங்க" என்றேன். எவ்வளவு மடைச்சி நான்.

அடுத்த வருஷம் நானும் மெட்ரிகுலேஷன் எழுத இருந்தேன். அண்ணனின் கேத்திர கணிதப் புத்தகம் அப்போது என் தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நீங்கள் அதை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "கோயிலுக்குக் குடுக்க பொட்டப்புள்ளையும் புள்ளதான்" என்றீர்கள். என் ஆயுசில் அண்ணனையும் என்னையும் நீங்கள் சமமாக வைத்தது அந்த ஒரு தடவைதான், அம்மா.

அண்ணனாவது தடுத்திருக்கலாம். "கொஞ்ச நாள் இருந்துட்டு வந்துரு தங்கச்சி. நான் டாக்டரானதும் கூட்டிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினான். ஸ்டேஷனில் நீங்கள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். அடுத்த மாதம் என்னைக் கன்னியர் மடத்து வாசலில் விட்டபோது உங்கள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தலைச்சுமையை இறக்கிவைத்தவள் போல நிம்மதியாக மூச்சு விட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பிறகு என்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூட்டி வருவீர்கள். "எம் மகளுக்கு சின்னதுலயே தேவ அழைப்பு" என்று என் முன்னாலேயே கூசாமல் சொல்வீர்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று அவர்கள் மெச்சுவார்கள். ஒருநாளாவது என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தீர்களா? பார்க்கப் பயமாக இருந்ததா?

மடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே யாரும் என்னைக் கடிந்து பேசியதில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க ஆள் வேண்டும் என்று மறுபடியும் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் அவர்கள்தான்.

அண்ணன் செய்தியையும் கேளுங்கள். நீங்கள் மனமுடைந்து போவீர்கள் என்று எல்லோரும் மறைத்தார்கள். எனக்கு அந்த இரக்கம் இல்லை. அவன் கலியாணம் கட்டியது புரொட்டஸ்டன்ட் கோயிலில். பூசைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது உங்கள் டாக்டர் மகன் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். போகும்போது என்னிடம், "நீ மடத்துல சந்தோஷமாத்தானே இருக்க?" என்று கேட்டான். பதில் வருவதற்கு முன் கார்க் கதவைச் சாத்திக்கொண்டான். கூட்டிப்போவதாகச் சொன்ன ஞாபகமே அவனுக்கு இல்லை.

இப்போது என் முறை. அடுத்த மாதம் நான் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் சாகும்வரை இங்கேதான். பேப்பரில் என் பெயர் வந்த அன்று மடத்துத் தலைவியான மதர் என்னை அழைத்து, "உன் சொந்த விருப்பத்தோடு வருகிறாயா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. "இல்லை மதர். அம்மாவோட விருப்பத்துல வந்தேன். அம்மா செத்துட்டாங்க" என்றேன். அவர், "பொய்யான வார்த்தைப்பாடு ஆண்டவருக்கு வேண்டாம். போய் வா, பிள்ளை" என்றார்.

கொழும்பு மருதானையில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. இருக்க இடமும் சாப்பாடும் உண்டு. பகலில் காலேஜுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வயதில் குறைந்த பிள்ளைகளோடு உட்கார வேண்டிவரும், பரவாயில்லை.

உங்களை வெறுக்கிறேனா? சில நாள் வெறுக்கிறேன். சில நாள் உங்கள் குரல் கேட்காதா என்று இருக்கிறது. அப்போது இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது. நான் கத்த வேண்டிய நேரம் வந்தபோது கேட்பதற்கு இல்லாமல் போய்விட்டீர்களே.

போவதற்கு முன் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இது நானே கொடுப்பது. கொழும்பில் படித்து முடிப்பேன்; யார் என் காலைப் பிடித்தாலும் நடுவில் திரும்ப மாட்டேன். உங்கள் நேர்ச்சைக்காக ஒரு மெழுகுதிரிகூடக் கொளுத்த மாட்டேன். அந்தோனியார் கேட்டால், அவருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். அண்ணன் மாட்டேன் என்றதும் என்னைக் கொடுத்தீர்கள். இப்போது நானும் மாட்டேன் என்கிறேன். கொடுப்பதற்கு உங்களிடம் மூன்றாவது பிள்ளை இல்லை, அம்மா.

நீங்கள் பெற்ற இரண்டாவது பிள்ளை,
பிலோமினா