எடைமேடை வயர்

21.10.1988, வெள்ளி

இன்று ஆபீஸில் தெரிந்தே ஒரு தப்பு செய்தேன். இடி இடித்தால் லாரி எடைமேடையிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு வருகிற வயரை என் பக்கத்தில் கழற்றிவிட வேண்டும். ஓய்ந்ததும் நானே மாட்ட வேண்டும். எடைமேடைப் பக்கம் யாரும் அதைத் தொடக் கூடாது. மத்தியானம் இடித்ததும் கழற்றினேன்; மூன்று மணிக்கே இடியும் மழையும் விட்டுவிட்டன. நான் மாட்டவில்லை.

இந்த வயர் வருவதற்கு முன்னால், எடைமேடை சரோஜாதான் தினமும் சாயங்காலம் லாரிச் சீட்டுகளோடு வருவாள். அவள் வாசிப்பாள், நான் கம்ப்யூட்டரில் தட்டுவேன். ஆறு மாசமாகச் சுண்ணாம்புக்கல் லாரி எடையெல்லாம் தானாக வந்து விழுகிறது. அவள் வருவதில்லை.

இன்று வந்தாள். புடவை ஓரமெல்லாம் சேறு.

"லைன் வரலைங்க சார், அதான் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"உக்காருங்க, வாசிங்க" என்றேன். நாற்பது லாரி. இன்னும் நாற்பது ஓடியிருக்கலாம்.

அவள் திருமானூர் பஸ்ஸுக்குப் போன பிறகு மனசு உறுத்தியது. வயரை மாட்டினேன். அப்போதும் லைன் வரவில்லை. எடைமேடை ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் வயரைக் கழற்றி, அழகாகச் சுருட்டி வைத்திருந்தாள்.

மாட்டத்தான் குனிந்தேன். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.