நீ ஜூலையில் வந்தாய்

இன்று காலை வராந்தாவில் நின்று ஷூவைத் தட்டினேன். அடியில் அப்பியிருந்த செம்மண் கட்டிகட்டியாக உதிர்ந்தது. பாசியும் மக்கின இலையும் கலந்த ஈர மணம் அதில் இன்னும் இருந்தது. நம் வுனிமோனோ வயல் மண்ணுக்கு இந்த மணம் கிடையாது. இது தவேயுனி மலையின் மணம். போன வாரம் அங்கே போய் வந்தேன். நவம்பர் மாதத்தில். அந்தப் பூவைப் பார்த்துவிட்டேன், நீ கடைசிவரை பார்க்காத பூவை.

எடுத்த எடுப்பில் இதைச் சொல்கிறேனே என்று நினைக்காதே. வேறு எதைச் சொல்லி ஆரம்பித்தாலும் அது பொய்யாக இருக்கும்.

சூவாவில் நாம் வேலை பார்த்த அந்தச் சுற்றுலா ஆபீஸ் ஞாபகம் இருக்கிறதா? நவுசோரியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். கவுண்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி உனக்கு. நாள் முழுவதும் இந்தியில் பேசுவோம், இங்கிலீஷில் பேசுவோம். மற்றவர்களுக்குப் புரியக் கூடாதது ஏதாவது இருந்தால் மட்டும் தமிழ். கோயில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்த தமிழ் நமக்கு அதற்குத்தான் பயன்பட்டது.

பிஜிக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். வடக்கே அந்த எரிமலைத் தீவு, தவேயுனிக்கு எப்போது போகலாம்? நான் மழைக்கணக்கு அட்டையைத் தேடி எடுப்பதற்குள் நீ கண்ணை லேசாக மூடிக்கொண்டு ஆரம்பித்துவிடுவாய். நடப்பதற்கு நல்லது ஜூலை, ஆகஸ்ட், பாதை காய்ந்திருக்கும். போமா அருவி கொட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்காலத்தில் போங்கள், ஆனால் வழுக்கும். வைரிக்கி மாதா கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள், ஊரே சேர்ந்து பாடும். மலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள், மதியம் மேகம் மூடிவிடும். தங்கிமோதியா பூவைப் பார்க்க வேண்டுமா? அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வாருங்கள். உலகத்தில் வேறெங்கும் பூக்காது. அழுத பெண்ணின் கண்ணீர்தான் அந்தப் பூவாகிவிட்டது என்று அங்கே சொல்வார்கள்.

என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கூட நாற்காலியை உன் பக்கம் இழுத்துக்கொள்வார். எனக்கு வயிறு எரியும். ஒரு கிழவர் கேட்டார், நீ அந்த ஊர்க்காரியா என்று. பிறந்ததே அங்கேதான் என்றாய். உடனே என் பக்கம் திரும்பித் தமிழில், "சும்மா சொன்னேண்டி. பாத்துக்கிட்டே இரு, ரெண்டு டிக்கெட்டு எடுப்பான்" என்றாய். எடுத்தார். நீ தவேயுனியைக் கண்ணால் கண்டதில்லை. நானும்தான்.

பார்க்காத இடத்தை எப்படி விற்பீர்கள் என்று முதலாளி ஒருநாள் கேட்டார். அக்டோபரில் நம் இரண்டு பேரையும் அனுப்புவதாகச் சொன்னார். அது எண்பத்தேழாம் வருஷம். மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆபீஸில் போன் அடித்தால் டிக்கெட்டை ரத்து செய்யத்தான் என்று ஆகிவிட்டது. நீ மட்டும், "பூவுக்கு ஆர்மியும் தெரியாது, கவர்மென்டும் தெரியாது. அக்டோபர்ல பூத்துடும், நாம போறோம்" என்றாய். செப்டம்பரில் இரண்டாம் தடவையும் துப்பாக்கி வந்தது. ரேவா பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே கிடையாது என்றார்கள். அக்கம்பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் பாஸ்போர்ட் பேச்சுதான்.

அப்போதுதான் வான்கூவரிலிருந்து அந்த மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தார். ரக்கிரக்கிப் பக்கம் கரும்பு போட்ட குடும்பம். அவர்கள் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்கு. இதை நாம் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை, ஆனால் உனக்குத் தெரியும். அப்பா அவர்களுக்கு டீ கொடுத்து, மரியாதையாகப் பேசி, கடைசியில் சொன்னார்: "எங்கப்பா இந்த மண்ணுலதான் வெந்தாரு. நானும் இங்கதான். பொண்ண அவ்ளோ தூரம் அனுப்ப எனக்கு மனசு வரல." அவர்கள் எழுந்து, கொட்டகையைச் சுற்றி, வரப்பு வழியாக உங்கள் வீட்டுக்கு நடந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். முன்னால் போனவர் சேற்றில் கால் வைக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்.

மறுநாள் பஸ்ஸில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "போகட்டுமாடி?"

"போ," என்றேன்.

"நெஜமாத்தான் சொல்றியா?"

"போடின்னு சொல்றேன்ல."

அவசரமாகக் கல்யாணம் முடிந்து, அக்டோபர் கடைசியில் நவுசோரி விமான நிலையத்திலிருந்து நீ கிளம்பினாய். உன் விமானத்துக்குப் பக்கத்தில் தவேயுனி போகும் குட்டி விமானமும் நின்றது. நான் ஏற வேண்டிய இரண்டு விமானங்கள். ஒன்றில் நீ ஏறிப் போனாய், இன்னொன்று காலி இருக்கைகளோடு போனது.

அதன் பிறகு உன் போட்டோக்கள் வந்தன. பனியில் நீ, காரில் நீ, கைக்குழந்தையோடு நீ. எனக்கும் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், அதிர்ந்து பேசாதவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இரண்டாயிரத்தில் மறுபடியும் கலகம். அதற்கடுத்து எங்கள் வயலின் குத்தகை முடிந்தபோது, சொந்தக்காரர்களான பிஜிக்காரர்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். எந்த மண்ணைக் காட்டி அப்பா என்னை நிறுத்தினாரோ, அந்த மண்ணைக் கொடுத்துவிட்டு டவுனில் வாடகை வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கும் உன்னைத்தான் நினைத்தேன். அன்பாக நினைக்கவில்லை.

பிறகு ஒரு ஜூலையில் நீ வந்தாய். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, புருஷனும் மகள் ஷாலினியும் பின்னால் நிற்க, என் கவுண்டருக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, கனடாக்காரி இங்கிலீஷில் கேட்டாய்: தவேயுனிக்கு எப்போது போகலாம்? ஆபீஸே சிரித்தது.

"அக்டோபர்லேந்து டிசம்பர்," என்றேன் தமிழில். "தப்பான மாசத்துல வந்துட்ட."

"இவளுக்கு ஸ்கூல் லீவு இப்பத்தாண்டி. பூ இல்லாட்டா போகுது, கெளம்பு. உனக்கும் சேத்துத்தான் டிக்கெட்டு."

வரமாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் நீ மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்வதை எப்படி உட்கார்ந்து கேட்பது? கிளம்பினேன்.

நாம் அட்டையைப் பார்த்து மனப்பாடம் செய்த தீவு நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. வைரிக்கியில் ஞாயிறு பூசையில் சனங்கள் பாடியபோது உனக்குப் புல்லரித்து, கையை நீட்டி எனக்குக் காட்டினாய். போமா அருவிக்குப் போகும் பாதையில் ஒரு பெண்மணி தலோக் கிழங்கு சுமந்துகொண்டு வந்தார். நானும் அவரும் பிஜி மொழியில் நாலு வார்த்தை பேசிக்கொண்டோம். அவர் உன்னைக் காட்டி, "இந்த வவலாங்கி உன் விருந்தாளியா?" என்று கேட்டார். வெளிநாட்டுக்காரி என்று அர்த்தம். மற்ற வார்த்தைகளையெல்லாம் மறந்துபோயிருந்த உனக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் புரிந்துவிட்டது.

அருவிக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து நீ அழுதாய். உன் புருஷனும் மகளும் தண்ணீரில் இருந்தார்கள்.

"ஒம்மேல எனக்குப் பொறாமையா இருக்குடி," என்றாய்.

"எம்மேலயா? எங்கிட்ட என்ன இருக்கு?"

"அங்க போனா எந்த ஊருன்னு கேக்கறாங்க. இங்க வந்தா விருந்தாளியான்னு கேக்கறாங்க. ஒன்ன யாரும் அப்படிக் கேக்கலியே."

தோளைத் தொட்டிருக்கலாம். எனக்கு வந்ததோ கோபம். "ஊர விட்டுப் போனதும் நீதான். இப்ப அதுக்கு அழுகறதும் நீயேவா? எனக்குன்னு ஏதாச்சும் ஒண்ணு விட்டு வைடி!" என்று கத்தினேன். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நீ வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாய். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீயும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பிப் போகும்போது, "அடுத்த தடவ நவம்பர்தான். மழ பேஞ்சா பேஞ்சிட்டுப் போவுது" என்றாய். அந்த அடுத்த தடவை வரவில்லை. முதலில் ஷாலினியின் படிப்பு, பிறகு உன் உடம்பு. போன குளிர்காலத்தில் அவள் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். செத்துப்போனவள்மேல் என்ன பொறாமை, இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. முதலில் போனவளும் நீயாகிவிட்டாய்.

அதனால்தான் இந்த நவம்பரில் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். விடிந்ததும் ஜீப்பில் மலை ஏறினோம். தூறல். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, பாசி படிந்த ஒரு மரத்தில் தொங்கிய கொடியைக் காட்டினார். நாம் நினைத்ததைவிடச் சின்னப் பூ. தலைகீழாகக் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது, மேலே ரத்தச் சிவப்பு, நடுவில் வெள்ளை. அதன் நுனியிலிருந்து மழைநீர் சொட்டியது. உன்னை முந்திவிட்டேன் பார் என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்தில் திரும்பி, "பாத்தியாடி?" என்றேன். என் வீட்டுக்காரர் குடையை என் பக்கம் சாய்த்து, என்ன சொன்னாய் என்று இந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நேற்று ஷாலினி கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் வராது, இங்கிலீஷ்தான். உன் அஸ்தியில் கொஞ்சம் வைத்திருக்கிறாளாம், தவேயுனியில் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டுமாம். "எப்போது வரட்டும், ஆன்ட்டி? ஜூலையில் லீவு போடலாம்."

ஜூலை என்று சொல்ல வாயெடுத்தேன். அதில் பொய்யும் இல்லை. பாதை காய்ந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். பூ மட்டும் இருக்காது. அது எனக்கு மட்டும் என்று இருந்துவிடும்.

"அடுத்த நவம்பரில் வாம்மா," என்றேன்.

"அப்போது மழையாயிற்றே?"

"பெய்யும். ரெயின்கோட் எடுத்துக்கொள். காலையிலேயே மேலே ஏறிவிடலாம், நான் கூட்டிப்போகிறேன்."

இதைக் கேட்டு நான் மாறிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன்னைப் பார்த்து எரிந்த இடம் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நான் அணையவிடவும் மாட்டேன். அது அணைந்துவிட்டால், தமிழில் சண்டை போட எனக்கு ஒருத்தியும் இருக்கமாட்டாள்.