'வா' என்னும் ஓரெழுத்து

ஜூலை 3

விடிந்ததிலிருந்து சாரல். துணி காயவில்லை. பள்ளி மலருக்கு ஒரு பக்கக் கட்டுரை, திங்களுக்குள். தமிழாசிரியனுக்கு வேறு வேலையே கிடையாது என்று ஹெச்.எம். நினைப்பு. 'வா' என்ற சொல்லைப் பற்றி எழுதலாம்.

குறிப்பு:
தமிழ், மலையாளம் – வா.
கன்னடம், நீலகிரிப் படுகர் பேசும் படுகு – பா. அங்கே வகரம் பகரமாகிவிடும்.
தெலுங்கு – ரா. வேறு சொல் போலத் தெரியும். ஆனால் 'வந்தான்' என்பதற்கு 'வச்சாடு'. வகரம் உள்ளேதான் இருக்கிறது.
வேர் ஒன்று. இவர்கள் எல்லாரும் பிரிவதற்கு முன்பே இருந்த சொல்.

சரசு கஞ்சி குடிக்கவில்லை. கால் வீக்கம் கூடியிருக்கிறது. இருதயம் பலவீனம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அன்றே சொன்னார்.

"ஏனுங்க, செல்விய ஒருக்கா வரச் சொல்லுங்க."

"வரட்டுமே. நானா கையப் புடிச்சுத் தடுத்தேன்?"

"நீங்க வாயத் தொறந்து 'வா'ன்னு சொன்னாத்தானுங்க வருவா. உங்க புள்ளையாச்சே, வீம்புக்குக் கேக்கோணுமா?"

ஒரே மகள். ஆறு வருடத்துக்கு முன் கோத்தகிரிப் படுகர் பையனைக் கட்டிக்கொண்டாள். "இந்த ஊட்டுப் படி மிதிக்காதே" என்றேன். இன்றுவரை மிதிக்கவில்லை. தாயும் மகளும் மாதம் ஒருமுறை கோத்தகிரி சந்தையில் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரியாது என்று சரசு நினைத்திருந்தாள். மூன்று மாதமாக அவளால் பஸ் ஏற முடியவில்லை.

ஜூலை 5

மாத்திரை. பால். டார்ச்சுக்கு பேட்டரி. வாங்கியாயிற்று.

போனில் செல்வியின் எண்ணை எடுத்தேன். வைத்துவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம். சனியன் பிடித்த வீம்பு.

கட்டுரை பாதி. மழை வருகிறது, தூக்கம் வருகிறது, கோபம் வருகிறது. இவற்றை யாரும் கூப்பிடுவதில்லை.

ஜூலை 6

காலை ஏழு மணி. காப்பி ஆற்றி எடுத்துப் போனேன். சரசு போய்விட்டிருந்தாள். கண் திறந்தபடி.

என் அக்கா வந்து போன் போட்டுச் சொன்னாள். பத்து மணிக்குச் செல்வியும் மாப்பிள்ளையும். கேட்டில் நின்று என்னையே பார்த்தாள். சாவு வீட்டில் யாரையும் 'வா' என்று கூப்பிடக் கூடாது. போகிறவர்களும் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டேன். முறைப்படி நடந்தேனாம். பாவி.

உள்ளே ஓடித் தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். அடக்கம் முடிந்ததும் சொல்லாமல் போய்விட்டாள். அதுவும் முறைதான். திரும்பி வருவாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜூலை 7

லீவு லெட்டர் கொடுத்தனுப்பினேன். சரசுவின் செருப்பு வாசலில். யாரும் எடுக்கவில்லை. நானும்.

ஜூலை 8

மூன்றாம் நாள். பால் ஊற்றக் கிளம்பும்போது கேட்டில் செல்வி. குடை இருந்தும் தோள் நனைந்திருந்தது. உள்ளே வரவில்லை.

வாயைத் திறந்தேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினாறு நாள் கழியட்டும் தம்பி. இப்ப அந்த வார்த்தையச் சொன்னா இன்னொரு சாவக் கூப்புட்டாப்பல ஆயிரும்."

"எனக்குத்தானே வரும். வரட்டும், உடு அக்கா."

கேட் வரைக்கும் போனேன். "வா கண்ணு" என்றேன். சொல்லிவிட்டேன்.

அவள் அசையவில்லை.

"அஞ்சு நாள் முந்திச் சொல்லியிருந்தீங்கன்னா அம்மாவ உசுரோட பாத்திருப்பனுங்கப்பா."

என்னைத் தாண்டிப் படியேறி உள்ளே போனாள்.