வால் இல்லாத குரல்

ஃபிரிட்ஜ் மேல் போனை வைத்துவிட்டுப் போன என் தங்க அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாய். அந்தப் பொய்யை நீ உயிரோடு இருந்தபோதே வேண்டிய அளவு கேட்டாயிற்று.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. மந்தாரக்குப்பம் வாடகை வீட்டில் ஓடாத மின்விசிறியும் ஓயாத வீட்டுக்காரரும் மாறவில்லை. அம்மா தையல் கடைக்குப் போகிறாள். நான் பிளஸ் டூ. மைன்ஸில் நிலக்கரி ஓடும் பெல்ட் வேலைக்கு உன் இடத்தில் மூன்றாம் நாளே வேறு ஆள் வந்துவிட்டானாம். காண்ட்ராக்ட் ஆள் செத்தால் இடம் காலியாவதில்லை, வீடுதான் காலியாகிறது. "இந்த வருசம் பெர்மனென்ட் ஆயிடுவேன் பாரு" என்று வருடா வருடம் சொல்வாயே. ஆகிவிட்டாய் அப்பா. சுவரில், மாலையோடு.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

தூசியில் கெட்டுவிடும் என்று உன் பட்டன் போனை மைன்ஸுக்கு எடுத்துப் போக மாட்டாய். மதியம் பி ஷிப்டுக்குக் கிளம்பும்போது அதில் எனக்கு ஒரு சேதியைப் பேசிப் பதிந்து, ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போவாய். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கேட்பேன். முதலில் இருமல், அப்புறம் "பாப்பா", அப்புறம்தான் சேதி. "பாப்பா, காடாம்புலியூர்க்காரன் பலாச்சுள குடுத்தான். மொத்தத்தையும் முழுங்கிட்டு, வயித்த வலிக்குதுனு உருண்டுகினு கெடக்காத." கேட்டு முடித்ததும் அழித்துவிடுவேன். இரண்டு ஜிபி மெமரி கார்டு. என் பாட்டுகளுக்கு இடம் வேண்டுமே.

அந்த இருமலை நான் அச்சு அசலாக இருமுவேன். வகுப்பில் அதற்குத் தனி ரசிகர் கூட்டம். வாசலுக்கு வெளியே நின்று இருமினால் அம்மா உள்ளே உனக்குத் தட்டு எடுத்து வைப்பாள். "அய்ய, இந்த வாலு என்னையே தூக்கிச் சாப்ட்டுடும்" என்று நீயும் சிரித்தாய். சிரித்ததில் இன்னொரு இருமல் வந்தது. அதையும் உடனே இருமிக் காட்டினேன்.

உன் இருமலைத் தினமும் கேட்டோம். அது என்ன இருமல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் மணி வீட்டுக்குள் புகுந்து, அவன் புது சிம்மிலிருந்து உனக்குப் போன் போட்டேன். மணி என்பவன் சித்தப்பா மகன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான், என் குற்றங்களில் சரிபாதிப் பங்காளி. மூக்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டையை இறக்கி, உன் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மாதிரி பேசினேன். "நாளைக்கு ஏ ஷிப்ட். காலைல மைன்ஸ் கேட்டாண்ட வந்துடுங்க."

நீ "சரி சார்" என்றாய். நாங்கள் தரையில் உருண்டு சிரித்தோம்.

மறுநாள் விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். கேட்டில் எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பினார்களாம். வெயில் ஏறிய பிறகு வீட்டுக்கு வந்து, மதியம் உன் நிஜமான பி ஷிப்டுக்கு மறுபடி மிதித்தாய். எல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். நான் சாயங்காலம் வந்தபோது போன் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. ஒரே ஒரு பதிவு, வழக்கத்தைவிட நீளம். திட்டுதான், வேறென்ன? கேட்காமலே அழித்தேன். அதோடு விட்டேனா, இடம் கிடைத்ததே என்று புதுப் பாட்டுகளையும் ஏற்றினேன்.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாய்.

"கேட்டியா பாப்பா?"

"கேட்டேன்பா."

என் முகத்தையே பார்த்தாய். நான் பேஸ்ட் மூடியைத் தேடினேன். "சரி" என்றாய். அதற்கப்புறம் நீ எதையும் பதியவில்லை.

பதினோரு நாள் கழித்து, ஷிப்டுக்குப் போகச் செருப்பு மாட்டக் குனிந்தவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் உன் நெஞ்சைப் பற்றி ஏதேதோ சொன்னார். "எவ்ளோ நாளா இருமல்?" என்றும் கேட்டார். கடைசியில் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

காரியம் முடிந்த மறுநாளே கார்டை எடுத்துக்கொண்டு பஜாரில் செல்போன் கடைக்குப் போனேன். "அழிச்சது போனதுதான் பாப்பா. வேணும்னா புதுக் கார்டு தரட்டா?" என்றார் கடைக்காரர். போனதைக் கேட்டால் புதுசு தருகிறேன் என்கிற ஊர் இது. ஆளுக்கே அப்படித்தானே.

மணிதான் சொன்னான். அழிப்பது என்றால் ரிஜிஸ்டரில் பெயரை அடிப்பது மட்டும்தானாம். பெயர் போன பிறகும் ஆள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பானாம், அந்த இடத்தில் வேறு ஒருவன் வந்து உட்காரும் வரைக்கும். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. கார்டு முழுக்க ஒவ்வொரு துண்டாகப் பார்த்து, அது என்ன வகை என்று அடையாளம் கண்டு இழுக்க வேண்டும்.

"எப்டிரா அடையாளம் தெரியும்?"

"ஒவ்வொரு ஃபைல் டைப்புக்கும் தலையில சில எழுத்து இருக்கும். போட்டோனா FF D8 FF. பேர மாத்தினாலும் அது மாறாது."

"தலையெழுத்துனு சொல்லு."

வழக்கமாகச் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. அந்தப் போன் கால் அவன் சிம்மிலிருந்துதானே போனது.

முதலில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். குரல் என்றால் எம்பி3தானே என்று அந்தத் தலையெழுத்தைத் தேடச் சொன்னேன். லேப்டாப் நாலு மணி நேரம் முனகி, நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து கொட்டியது. எல்லாம் பாட்டு. எல்லாம் என் பாட்டு. உன்னைத் தோண்டினால் நான் வருகிறேன் அப்பா, கரிக்கு மேலே மண் மாதிரி.

உன் போன் என்ன வகையில் பதிகிறது என்று தெரிந்தால்தானே சரியானதைத் தேடலாம்? கார்டைப் போனில் போட்டு, ஒன்று பேசிப் பார்க்கலாம் என்று பட்டனில் கை வைத்தேன். மணி பாய்ந்து பிடுங்கினான். "ஏய் லூசு! அதுலயே பதிஞ்சா பெரியப்பா மேலதான்டி எழுதும்!"

வேறு கார்டு போட்டோம். என்ன பேசுவது என்று தெரியவில்லை. உன் மாதிரி இருமினேன். அந்தப் பதிவைத் திறந்து தலையைப் பார்த்தால், ஒரு கட்டம், ஒரு ஆச்சரியக்குறி, மூன்று எழுத்து: #!AMR. உன் தலையெழுத்து அவ்வளவுதான். திருட்டு இருமலை வைத்து நிஜ இருமலைப் பிடித்தோம்.

அறுபத்து மூன்று கிடைத்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் நம்பர். எது முன்னே, எது பின்னே? எந்த ஒன்று அந்த வெள்ளிக்கிழமை? மணி கையை விரித்துவிட்டான். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏழெட்டு கேட்டதும் புரிந்தது. சிலவற்றில் ஒரே ஒரு செருமல், உடனே "பாப்பா". சிலவற்றில் நாலு இருமல். சிலவற்றில் "பாப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்குகிறாய்.

அப்பா, உன் குரலை நான் இருமலை வைத்து வரிசைப்படுத்தினேன். குட்டையிலிருந்து நீளத்துக்கு. பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிற்க வைப்பார்களே, அப்படி. வரிசையாகக் கேட்டால் எந்த டாக்டரும் வேண்டாம், எந்தக் குழந்தைக்கும் தெரியும் நீ எங்கே போய்க்கொண்டிருந்தாய் என்று. தினம் ஒன்றாக என் கையில் கொடுத்திருக்கிறாய். நான் கேட்டுவிட்டு அழித்திருக்கிறேன்.

நடுவில் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கடையிலிருந்து வந்தாள். இருமல் காதில் விழுந்ததும் அவள் கை தானாக அலமாரிக்குப் போய்த் தட்டை எடுத்தது. அப்புறம் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னுமாடி இந்த வெளையாட்டு? நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

"நான் இல்லம்மா," என்றேன். "அப்பா."

தட்டைக் கீழே வைக்காமலே உட்கார்ந்து மீதியைக் கேட்டாள்.

வரிசையில் கடைசி. பதினோரு இருமல், எண்ணினேன். அப்புறம் நீ சொல்கிறாய்: "பாப்பா… நேத்து போன் பண்ணது நீதானே? குரலு அப்டியே இருந்துச்சு. ஆனா அந்தாளு ஒரு நாளும் எனக்கு 'ங்க' போட்டதில்ல. வாடா போடாதான். 'வந்துடுங்க'னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு, இது நம்ம வூட்டு மரியாதன்னு." சிரிக்கிறாய். இருமுகிறாய். "தெரிஞ்சேதான் போனேன் பாப்பா. ஏன்னா—"

அதற்குமேல் சரசர என்று இரைச்சல், பெல்ட்டில் கல் உருள்கிற மாதிரி. அந்த இடத்தில் நான் ஏற்றிய பாட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஏன் போனாய் அப்பா? என் விளையாட்டு கெட்டுவிடக் கூடாது என்றா? ஒருவேளை நிஜமாக இருந்து, போகாமல் விட்டால் நாளைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடுவான் என்றா? பொய்யாகவாவது அந்தக் குரல் ஒரு தடவை மரியாதையாகக் கூப்பிட்டதே என்றா? "கேட்டியா" என்று என் முகத்தைப் பார்த்தாயே, இதற்குத்தான் பதில் எதிர்பார்த்தாயா? சொந்தப் பிள்ளைக்குத் தெரிந்த 'ங்க' அந்தாளுக்கு ஏன் தெரியவில்லை என்று நான் யாரைப் போய்க் கேட்பது?

மணி இன்னொன்றும் சொன்னான். போட்டோவுக்குத் தலையிலும் எழுத்து உண்டு, வாலிலும் உண்டு. இங்கே முடிந்தது என்று அதுவே சொல்லிவிடும். உன் போன் பதிகிற குரலுக்குத் தலை மட்டும்தான். எங்கே முடிகிறது என்று அதற்கே தெரியாது.

உன் குரலில் அந்த 'ஏன்னா'வை நானே பேசி முடித்துவிட முடியும். அம்மாகூட நம்பிவிடுவாள். செய்ய மாட்டேன், இது சத்தியம். அது உன் வாக்கியம். இடம் இருக்கட்டும், வேறு எதையும் அங்கே ஏற்ற மாட்டேன்.

இன்னொரு சத்தியமும் உண்டு. அம்மாவுக்குப் பத்து நாளாக இருமல். "துணித் தூசுடி, ஒண்ணுமில்ல" என்கிறாள். பாஷை உன்னுடையதேதான். நாளைக்குக் கடைக்கு லீவு போட வைத்து, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டேன். கேட்பேன்.

முடிவு தெரியாத உன் குரலுக்கு,
மிச்சம் இருக்கிற உன் வாலு.